ஏழு கருவேல மரங்கள்

...ஆனால் இந்த முசே கேட்கிற கேள்வி மட்டும் ஏன் எப்போதும் 'எத்தனை' என்றே முடிகிறது, நரியின் கால்தடத்தைக் காட்டினால் எத்தனை நரி, கீரி குறுக்கே ஓடினால் எத்தனை கீரி, என்று யோசித்துக்கொண்டே வீரப்பன் பாகூர் ஏரிக்கரையில் முன்னால் நடந்தான். காலையில் செலியமேட்டுப் பக்கம் கரையேறியது, இப்போது தை மாதத்து வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சர்க்கார் அனுப்பிய அருளாந்து, மரியாதைக்கு முசே, புதுச்சேரிக்காரர், கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் நோட்டு, காலில் பூட்ஸ், அது சேற்றில் புதையும்போதெல்லாம் வாயில் ஒரு பிரெஞ்சு வார்த்தை, திட்டுதான், சந்தேகமே இல்லை. ஏரியில் என்னென்ன ஜீவன் இருக்கிறது என்று எழுதிப் போக வந்திருக்கிறார். மடை திறக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஊரார் வீரப்பனைக் கைகாட்டிவிட்டார்கள். காட்டுவதில் என்ன கஷ்டம்? அதோ நெற்றியில் நாமம் போட்ட நாமக்கோழி, அதோ இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், கோரைக்குள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகியதே, அது நீர்நாய்... முசே குழந்தைபோலச் சிரித்தார். பிறகு தண்ணீருக்குள் நிற்கும் ஏழு கருவேல மரங்களைக் காட்டிக் கேட்டார்.

“அதுல எத்தனை கூடு, வீரப்பா?”

“நாலஞ்சு இருக்கும் முசே.”

“சரியாச் சொல்லு.”

“அஞ்சுன்னே வச்சிக்குங்களேன்.”

முசே எழுதிக்கொண்டார். தாய் நாரைகள் வயலுக்கு மேயப் போன நேரம், இலைமறைவு வேறு, கரையில் நின்று எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் என்ன தெரியும்? பொய்தான்... ஆனால் குஞ்சு இருக்கிற கூட்டை எண்ணி வாய்விட்டுச் சொல்வார்களா? பெற்ற பிள்ளைகளையே யாராவது கேட்டால் ஒன்று குறைத்துத்தான் சொல்வது, கண் பட்டுவிடும். காலையில் கிளம்பும்போதுகூடப் பெண்டாட்டி தனக்கொடி வாசலில் வழி மறித்தாள், “யோவ், பொண்ணு வூட்ல நெறமாசமாக் கீறா, கூட்ட எண்றேன் குஞ்ச எண்றேன்னு வாய வுட்டுட்டு வராத” என்று. உள்ளே மகள் சின்னபொண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலைப்பிரசவம். தனக்கொடிக்குத் தெரியும், அவன் ஒருமுறை வாய் விட்டவன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஜனத்தொகை எழுத வந்தவர் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார், இவன் மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “நாலு புள்ளைங்க சாமி, நாலு!” என்றான். இரண்டு மாதத்தில் வாந்திபேதி வந்து இரண்டைக் கொண்டுபோனது. அன்றைக்கு அந்த வாயைத் தைத்துக்கொண்டிருந்தால்... தனக்கொடி அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை, கேட்டிருந்தால் தேவலை.

பனைமர நிழலில் உட்கார்ந்து முசே ரொட்டியைப் பிட்டார், வீரப்பன் கூழைக் கரைத்தான். முசே நோட்டை மூடி, “வேலை முடிஞ்சுது. அஞ்சு கூட்டுக்காகவா ஒங்க ஊர் மிராசுங்கல்லாம் மனு குடுத்தாங்க?” என்றார்.

“இன்னா மனு முசே?”

“அந்த மரத்தையெல்லாம் வெட்டித் தூர் வாரணும்னு சர்க்கார்ல பேச்சு. பறவை எச்சம் கலந்த தண்ணியிலதான் எங்க நெல்லு வெளையுது, வெட்டாதீங்கன்னு மனு. நெறைய கூடு இருந்தா வுட்டுடலாம், போய்ப் பாருன்னாங்க. அஞ்சுன்னா... சித்திரையில வெட்டிடுவாங்க.”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ கூட்டிச் சொல்லுவியேப்பா!”

வீரப்பன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தான். குறைத்துச் சொல்வான் என்று இந்தப் பட்டணத்து மனுஷனுக்கு எப்படித் தோன்றும்? சித்திரைக்குள் குஞ்சுகள் பறந்துவிடும், சரி, அடுத்த வருஷம் வந்து எங்கே உட்காரும்? பேசாமல் இருந்துவிட்டால் மரம் போகும், பேசினால் வீட்டில் சின்னபொண்ணு, அவள் வயிற்றில்... போகட்டும் மரம், மரம்தானே? மரம்தானா? நத்தையைக் கவ்விக்கொண்டு ஒரு நாரை தலைக்கு மேலே போனது, கூட்டில் குஞ்சுகள் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கின, கரை வரைக்கும் கேட்டது, முசேவுக்கும் கேட்டிருக்கும், ஆனால் அவர் ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருநூத்திப் பதினாறு,” என்றான் வீரப்பன்.

“என்ன அது?”

“கூடு முசே. மொத மரத்துல மாத்திரம் முப்பத்தெட்டு.”

“பார்த்தியா, கூட்டுற!”

“பூட்ஸக் கழட்டுங்க. எறங்கி எண்ணிப் பாத்துடலாம்.”

முசே சிரித்தார், முறைத்தார், கடைசியில் கழற்றினார். இடுப்பளவுத் தண்ணீரில் முதல் மரத்தடியில் நின்று, ஆள்காட்டி விரலை நீட்டி, வீரப்பன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினான், முதல் பத்துக்குக் குரல் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. முசே தனியாக எண்ணி முடித்து அவனைத் திரும்பிப் பார்த்தார். “முப்பத்தெட்டேதான்! எப்படிய்யா முன்னாடியே தெரியும்?” எப்படித் தெரியாமல் போகும், ஒவ்வொரு தை மாதமும் உதட்டை அசைக்காமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன், வாயை மூடிக்கொண்டிருந்த வருஷங்களிலும் குஞ்சுகள் விழத்தான் விழுந்தன, பாம்பு ஏறத்தான் ஏறியது... முசே பக்கத்தைப் புரட்டி அஞ்சை அடித்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். வீரப்பன் நகரவில்லை. ஜனத்தொகை எழுதின அன்றைக்கு எதிர்வீட்டுச் சாமிக்கண்ணு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, “ஒண்ணே ஒண்ணு சாமி” என்று குறைத்துத்தானே சொன்னான், அந்த வாந்திபேதியில் அவன் வீட்டிலும்தானே ஒன்று போனது... பன்னிரண்டு வருஷமாக இது ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை?