இஸ்திரி போடும்போது சொன்னது

கூட்டத்துக்கு என் கணவர் போட்டுக்கொண்டு வந்த நீலச் சட்டை, காலையில் நான் எடுத்துக் கொடுத்தது.

பெரியப்பாவின் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் கணினிப் பொறுப்பு என்னுடையது. கிளைகளின் பில்லும் சரக்கிருப்பும் இனி எந்த டேட்டாபேஸில் இருக்கும் என்று அன்று முடிவாக வேண்டும். உரிமக் கட்டணமே இல்லாத ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றை மாதக்கணக்கில் சோதித்து, பிள்ளையைப் போல வளர்த்து வைத்திருந்தேன். அவர் வேலை பார்ப்பதோ, கட்டணம் வாங்கி டேட்டாபேஸ் விற்கும் கம்பெனியில்; அவர்கள் சார்பில் பேசத்தான் அன்று வந்திருந்தார். "வீட்ல பேசுறது வீட்டோட" என்று விதி போட்டவரும் அவர்தான்.

"மாப்பிள்ளை, இப்பவே காபியைக் குடிச்சிடுங்க. தோத்துட்டா கிடைக்காது," என்றார் பெரியப்பா.

சிரித்தபடி எழுந்த என் கணவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இலவசம்னு எடுத்துடலாம் மாமா. மெயின் சர்வர் படுத்துட்டா? அதுக்குப் பதிலா நிக்க வேண்டிய ஸ்டான்ட்பை சர்வர் எழுந்திரிக்க அரை மணி நேரம். அதுவரைக்கும் ஒரு பில் நகராது. இங்க நடந்த சோதனையிலயே அப்படித்தான் ஆச்சு."

அது ஞாயிற்றுக்கிழமை அவர் இஸ்திரி போட, நான் துணி மடித்துக்கொண்டே அழாத குறையாகச் சொன்னது. "விடு டாக்டரம்மா, உன் பேஷன்ட் பிழைச்சுக்கும்" என்று தலையைத் தடவிக்கொடுத்தாரே!

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "உண்மையாம்மா?"

"உண்மைதான் பெரியப்பா. செட்டிங்ல நான் பண்ணின தப்பு. மறுநாளே சரி பண்ணிட்டேன். இப்பவே மெயின் சர்வரை நிறுத்திக் காட்டட்டுமா?"

"நிறுத்து, பார்த்துடலாம்."

நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பில் போடும் பெண்கள் திரையை முறைத்தார்கள். மூச்சுவிடுவதற்குள் பிரிண்டர் மறுபடி கரகரத்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உனக்கே புரியாத கோளாறு வந்தா யாரைப் பிடிக்கறது?" என்றார் பெரியப்பா.

"இதுக்கும் சர்வீஸ் கான்ட்ராக்ட் தர்ற கம்பெனிங்க இருக்கு. இவங்க கேக்கறதுல பாதிகூட ஆகாது."

"அப்ப நம்ம பொண்ணோடதே இருக்கட்டும்," என்று பெரியப்பா எழுந்தார். "மாப்பிள்ளை, பரவாயில்லை, இன்னொரு காபி தரச் சொல்றேன்."

வராந்தாவில் என் கணவர் என்னை மறித்தார். "சரி பண்ணிட்டேன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க."

"என் மானமே போச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றுகொண்டிருந்த நான்தான் மக்கு.

அடுத்த ஞாயிறு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டே, எதுவுமே நடக்காதது மாதிரி கேட்டார். "அப்புறம் டாக்டரம்மா, ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

முதல் கிளை புது டேட்டாபேஸுக்கு மாறியிருந்தது. பெரியப்பா எல்லோர் முன்னாலும் கைதட்டியிருந்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க," என்று அந்த நீலச் சட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.