ஓய்வுநாள் காத்த கதவு

ரொறன்ரோவின் பாத்தர்ஸ்ட் வீதியில் லோறன்ஸ் சந்திக்குக் கொஞ்சம் வடக்கே நின்ற பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், 1104ஆம் இலக்க வீட்டின் கதவு வெள்ளிக்கிழமைதோறும் சூரியன் மறையப் பதினெட்டு நிமிடம் இருக்கையில் தானாகப் பூட்டிக்கொண்டு, சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகே திறந்தது. உள்ளே நின்றவர் உள்ளே, வெளியே நின்றவர் வெளியே. யூதர்களின் பெருநாட்களிலும் அதே கதைதான். முன்பு அங்கே முப்பது வருடம் இருந்த யூதக் கிழவருக்குக் கால் வழங்காமல் போனதால் அந்த நாட்களை அவர் வீட்டுக்குள்ளேயே ஜெபத்தில் கழித்தார் என்றும், கதவு அதற்குப் பழகிவிட்டது என்றும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட சுப்பரின்ரெண்டன் சொன்னார். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோல்தான் அதையும் சொன்னார். கிழவர் செத்த பிறகு அந்த வீட்டுக்கு எவரும் வரவில்லை. 1991 டிசம்பரில் குலசிங்கம் வந்தான்.

குலசிங்கம் பருத்தித்துறைத் தபாற்கந்தோரில் தந்தி அடித்தவன். கொழும்பில் மனைவி புனிதவதியை விட்டுவிட்டு, அகதியாக வந்து இறங்கி, எட்டுப் பேர் படுத்த ஒரு நிலவறையிலிருந்து தப்பினால் போதுமென்று அந்த வீட்டை எடுத்தான். முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபத்துமூன்றுக்குக் கதவு பூட்டியது. பூட்டுத் திறப்பவன் வந்து மூன்று ஊசியை முறித்தான். தீயணைப்புக்காரர் கோடரியால் கொத்தினார்கள். கோடரி துள்ளியதே தவிரக் கதவில் ஒரு கீறல் விழவில்லை. 'கதவு நல்ல நிலையில் உள்ளது' என்று பாரத்தில் எழுதிவிட்டு அவர்கள் போனார்கள். ஜன்னல் நாலு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குள் கதவு தானே 'டக்' என்று விட்டது. குலசிங்கம் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் அரைமணி நேரம் தாழ்வாரத்தில் நின்றான்.

விஷயத்தை விளக்கியவர் எதிர்வீட்டு லூ செல்டின். பொய்ப்பல் செய்பவர், மனைவியை இழந்தவர், முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளிலும் கடை திறந்து பல் கட்டிய யூதர். தான் மதிக்காத ஓய்வுநாளை ஒரு பலகை மதிக்கிறதே என்பதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம், அதைவிடக் கூடுதலாகக் கோபம். ஓய்வுநாளில் யூதன் ஜெபக்கூடத்துக்கு நடந்து போகலாம், நண்பன் வீட்டில் சாப்பிடலாம், இந்தக் கதவு தேவைக்கு மேல் பக்தி காட்டுகிறது என்று அவர் ஏசினார். பூரிம், ஹனுக்கா என்ற சின்னப் பெருநாட்களுக்கும் பூட்டுகிறதா என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றான் குலசிங்கம். 'அப்படியென்றால் இதற்குச் சட்டம் தெரியும். அந்த நாட்களில் வேலை செய்ய அனுமதி உண்டு' என்று ஒப்புக்கொண்டு, செத்தவீட்டுச் சேவைக் கொம்பனியொன்று யூத வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் கலண்டரைக் கொண்டுவந்து தந்தார். குலசிங்கம் அதை, தமிழ்க் கடையில் கொடுத்த முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினான்.

முதல் வருடம் நன்றாக மாட்டுப்பட்டான். நாள் என்றால் சூரிய உதயத்தில் தொடங்குவது என்றுதான் அவனுக்குப் பஞ்சாங்கம் சொல்லிக்கொடுத்திருந்தது. பாஸ்கா என்ற எட்டு நாள் பெருநாளின் ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை என்று கலண்டரில் கண்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்த நேரத்தைக் கவனியாமல், விடிய வெளிக்கிடலாம் என வியாழன் இரவு நிம்மதியாகப் படுத்தான். யூதர்களின் நாளோ முதல்நாள் பொழுதுபடவே தொடங்கிவிடும். கதவு அவன் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பூட்டிவிட்டிருந்தது. பிறகு மெல்ல மெல்ல முழுக் கணக்கையும் பிடித்தான். மாதம் பிறையோடு தொடங்கும். பன்னிரண்டு பிறை சேர்ந்தாலும் சூரிய வருடத்துக்குப் பதினொரு நாள் குறையும். அப்படியே விட்டால் வசந்தத்தில் வரவேண்டிய பாஸ்கா பனிக்காலத்துக்குள் போய்விடும் என்பதால், பத்தொன்பது வருடத்தில் ஏழு தடவை பதின்மூன்றாவது மாதமொன்றைச் செருகுவார்கள். புதுவருடம் ஞாயிறு, புதன், வெள்ளியில் விழ விடமாட்டார்கள். 1993 முடியுமுன் குலசிங்கம் கலண்டர் பார்க்காமலே அடுத்த ஐந்து வருடத்துப் பூட்டுகளைச் சொன்னான். வெள்ளி மத்தியானமே ஒரு பையோடு நகரத்தின் கிழக்கே ஸ்காபுரோவுக்குப் போய், கூட வேலை செய்த சூசைதாசன் வீட்டில் தங்கினான். அவ்வளவில் கதவால் ஒரு கரைச்சலும் இல்லை.

கரைச்சல் 1994 ஒக்ரோபரில் தொடங்கியது. மனைவியை முறைப்படி கூப்பிடும் பைல் மூன்று வருடமாக அசையாததால், புனிதவதியை ஒரு ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தார்கள். அவன் அவளை எந்த நாட்டுக்கூடாக, எந்த மாதம், எந்தப் பெயரில் கொண்டுவருவான் என்று ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. அவள் மனப்பாடம் பண்ணிக்கொண்டு விமானம் ஏறியது ஒரேயொரு ரெலிபோன் நம்பரை. அது 1104இன் நம்பர். ஸ்காபுரோவுக்கு அந்த நம்பரைக் கொண்டுபோக முடியாது என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள். பதில் சொல்லும் மெஷின் ஒன்றை வாங்கச் சொன்னான் சூசைதாசன். அவளை ஒருமுறைதான் அடிக்க விடுவார்கள், அந்த ஒருமுறைக்கு மெஷினா கதைப்பது என்று குலசிங்கம் கேட்டான். வேலையை விட்டான். விளம்பரத் தாள்களை மடித்துக் கட்டும் வேலையை வீட்டுக்கே எடுத்தான். வெள்ளிக்கிழமைகளில் வெளியே நின்றால் மணி அடிப்பது கேட்காது. உள்ளே நின்றால் கேட்கும், ஆனால் எழுந்து போக முடியாது. அவன் உள்ளே நின்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அப்படி அடைபட்டான். சூசைதாசன் சிலவேளை தாழ்வாரத்தில் நின்று, 'அண்ணை, இருக்கிறியளோ?' என்று கேட்பான். 'இல்லாமல் எங்கை போறது' என்பான் குலசிங்கம். ரெலிபோன் அடித்தால் கம்பளம் கழுவும் கொம்பனியாக இருக்கும். ஒருமுறை, ஜனவரியில், தூரத்துக் கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் இருமியது கேட்டு லைன் அறுந்தது. அந்த இருமல் அவளுடையதுதானா என்று அவன் நாலு மாதம் யோசித்தான். அந்த யூத வருடம் பதின்மூன்று மாத வருடமாகவும் அமைந்தது. ஆதார் மாதம் முடிய மறுபடியும் ஆதார் மாதம் வந்தபோது, காத்திருப்பதற்கு ஒரு மாதத்தைக் கூட்டிப்போட்டவன் எவன் என்று அவன் கலண்டரைப் பார்த்துத் தூஷணத்தால் ஏசினான். அவன் வாயில் தூஷணம் வந்தது அந்த ஒருநாள்தான்.

1995 ஜூன் 2, வெள்ளிக்கிழமை, எட்டு முப்பத்தைந்துக்குக் கதவு பூட்டியது. சனிக்கிழமை ஓய்வுநாள். ஞாயிறும் திங்களும், சூசைதாசனின் வேதத்தில் பெந்தெகொஸ்தே என்றும் லூவின் வாயில் ஷவுவோத் என்றும் வரும் பெருநாள். மூன்று நாளும் ஒட்டிக்கொண்டு ஒரே பூட்டு. சனி காலை பத்தேகாலுக்கு ரெலிபோன் அடித்தது. புனிதவதி ரொறன்ரோ விமான நிலையத்தில் நின்றாள். அகதி என்று சொல்லி, கைரேகை கொடுத்து, விடப்பட்டிருந்தாள். 'வந்து கூட்டிக்கொண்டு போங்கோ' என்றாள். கதவைப் பற்றி அவளுக்கு அவன் ஒரு கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதினால் விசர் என்று நினைப்பாள் என்று விட்டிருந்தான். சூசைதாசன்தான் காரைக் கொண்டு போனான்.

மத்தியானம் அவள் தாழ்வாரத்தில் நின்றாள். கதவுக்குக் கீழே இருந்த ஒரு விரல் இடைவெளியில் குப்புறப்படுத்துப் பார்த்த குலசிங்கத்துக்கு, விமானத்தில் கொடுத்த சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு பாதம் தெரிந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு மனைவியிடம் அவன் கண்டது அவ்வளவுதான். சூசைதாசனும் அவன் மனைவி செலீனும் மாறி மாறிக் கதவைப் பற்றிச் சொன்னார்கள். புனிதவதி ஒருமுறை கைப்பிடியைத் திருகினாள், ஒருமுறை தோளால் தள்ளினாள். பிறகு நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு, மொஸ்கோவில் இருபத்துமூன்று பேரோடு வெளியே பூட்டுப் போட்ட வீட்டில் நாலரை மாதம் கிடந்ததைச் சொன்னாள். சாப்பாடு போட வருபவனை எப்போது திறப்பாய் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் 'நாளைக்கு' என்பானாம்.

'இது எப்ப திறக்கும்?' என்று கேட்டாள்.

குலசிங்கத்துக்குத் திங்கள் இரவு என்று தெரியும். அடுத்த ஐந்து வருடத்துக்கும் தெரிந்த மனுசனுக்கு இது தெரியாதா! ஆனால் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

'நாளைக்கு' என்றான்.

செலீன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சினாள். புருஷனின் வாசலுக்கு வந்தபிறகு இனி எங்கும் போகமாட்டேன் என்று புனிதவதி, சூசைதாசன் கொண்டுவந்து கொடுத்த பாயை விரித்தாள். அன்றிரவும் அடுத்த பகலும் இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் சாய்ந்திருந்து கதைத்தார்கள். யார் யார் செத்தது, யார் யார் ஜேர்மனிக்குப் போனது, அவளுக்கு ஒரு பக்கக் காது அடைத்தது எல்லாம் கதைத்தார்கள். அவன் சந்தோஷமாக இருந்தான், பயந்துகொண்டும் இருந்தான். ஞாயிறு பொழுதுபட்டதும் அவள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய் முகம் கழுவி, தலை இழுத்து, பையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவடியில் வந்து நின்றாள். பத்து மணியாயிற்று. பத்தரையும் ஆயிற்று.

அப்போது லூ கடையைப் பூட்டிவிட்டு எலிவேற்றரால் வந்தார். புனிதவதி பருத்தித்துறையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவாள். இன்றைக்குத் திறக்கவேண்டுமே என்று அவரிடம் கேட்டாள். கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தில் லூ விளக்கத் தொடங்கினார். பழைய காலத்தில் எருசலேமில் சாட்சிகள் பிறையைக் கண்டு சொன்னால்தான் மாதம் தொடங்கும். சேதியோடு ஆட்கள் ஓடுவார்கள். தூர ஊர்களுக்குச் சேதி பெருநாளுக்கு முன் போய்ச் சேராது. எந்த நாள் சரியென்று தெரியாமல் அங்கிருந்தவர்கள் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். பிறகு எல்லாவற்றையும் கணக்கில் போட்டார்கள், சந்தேகம் ஒழிந்தது, ஆனாலும் தூரத்தில் இருந்தவர்கள் அந்த இரண்டாம் நாளை விடவேயில்லை. எருசலேமில் என்றால் இது இன்றிரவு திறந்திருக்கும், ரொறன்ரோவில் நாளை இரவுதான் என்றார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். 'உன் கணவனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியுமே' என்றும் சொல்லிவைத்தார்.

புனிதவதி கதவுப் பக்கம் திரும்பினாள்.

'உங்களுக்குத் தெரியும்' என்றாள் புனிதவதி. 'தெரிஞ்சுகொண்டுதான் நாளைக்கு எண்டு சொன்னனீங்கள்.'

அவன் அவள் பெயரைச் சொன்னான். பாதங்கள் திரும்பின. அவளும் லூவும் ஏதோ தாழ்ந்த குரலில் கதைத்தார்கள், பிறகு எலிவேற்றர் வந்து போனது.

ஒரு மணிநேரம் கழித்து அவன் சூசைதாசன் வீட்டுக்கு அடித்தான். 'அக்கா இஞ்சை வரேல்லையே, அண்ணை' என்றாள் செலீன். சூசைதாசன் காரில் வந்து பாத்தர்ஸ்ட் வீதியை மேலும் கீழும் ஓடிப்பார்த்துவிட்டு, காணவில்லை என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னான். லூவும் கதவைத் தட்டத் தட்டத் திறக்கவில்லை. அவர் சுகமாக நித்திரை கொள்பவர், விடியவே எழும்பிக் கடைக்கும் போய்விட்டார். திங்கள் முழுக்கக் குலசிங்கம் ஜன்னலின் நாலு விரற்கடைக்குள் முகத்தை வைத்துக் கீழே போன ஒவ்வொரு பெண்ணின் நடையையும் பார்த்தான். காசில்லாத, ஒரு தெருவும் தெரியாத ஒரு பெண்ணை இவ்வளவு பெரிய நகரத்துக்குள் ஒரு சொல்லால் விரட்டிவிட்டேனே என்று வாய்விட்டு அழுதான். கதவைக் கதிரையால் அடித்தான், கதிரை உடைந்தது. எட்டு மாதமாக அவன் காத்திருந்த ரெலிபோன் அன்றைக்கு அடித்தது ஒருமுறைதான், அதுவும் கம்பளம் கழுவும் கொம்பனி. பொழுதுபடச் சப்பாத்தைப் போட்டு, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு, திறந்தவுடன் ஓடுவதற்குத் தயாராக நின்றான்.

கதவு 'டக்' என்று விட்டது. புனிதவதி வாசலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, ஒரு கையில் லூவிடம் வாங்கிய கலண்டரையும் மற்றக் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இரவும் ஒரு பகலும் அவள் கட்டடத்தின் அடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்திருக்கிறாள். கதவே போடாத அறை அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

'ஒம்பது ஐம்பத்தெட்டு' என்றாள். 'இந்தக் கடுதாசியிலையும் ஒம்பது ஐம்பத்தெட்டு.'

'வாரும், போவம். இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்' என்றான் குலசிங்கம். அழுததில் முகம் வீங்கியிருந்தது.

'எங்கை போறது? எட்டு மாசம் எத்தினை கதவுக்குப் பின்னாலை கிடந்தனான். ஒரு கதவாவது எப்ப திறப்பன் எண்டு முன்னுக்குச் சொன்னதே? உது மாசம் மாசமா அச்சடிச்சு வைச்சிருக்கு. சொன்ன நிமிசத்துக்குத் திறந்தும் போட்டுது.' அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கும் அழுகை வந்தது. 'உந்தப் பலகைக்கு இருக்கிற நேர்மை உங்களுக்கு இல்லை. இனிமேல் எனக்கு நாளைக்கு எண்டு சொல்லாதேங்கோ. நாளையும் மணியையும் சொல்லுங்கோ.'

'வெள்ளிக்கிழமை. எட்டு நாப்பது' என்றான் அவன்.

அதற்குள் குளித்து நாலு நாள் நித்திரை கொள்ளலாம் என்று சொல்லி, அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அவர்கள் 1999 வரை அந்த வீட்டில்தான் இருந்தார்கள். எந்த வெள்ளி உள்ளே, எந்த வெள்ளி ஸ்காபுரோவில் என்பதைப் புனிதவதி வியாழக்கிழமை பின்னேரம் முடிவு செய்தாள். உள்ளே என்றால் கத்தரிக்காயும் பாணும் கூடுதலாக வாங்கினார்கள்.