ஒரு சாண் குரல்

1964ஆம் வருஷம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த குமாரசாமி முதலியாரின் மனைவி நீலாம்பாள், அதுவரை யாரும் எழுதாத, யாரும் மெட்டுப் போடாத ஒரு சினிமாப் பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். அன்றைக்கு வெண்டைக்காய் மலிவு. ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே பாடினாள். ஆடி மாசம், நாலு தெருவுக்கு ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், எல்லாக் கோயிலிலும் ஒலிபெருக்கி அலறுகிறது. அதில் ஏதோ ஒன்று இவள் வாயில் ஒட்டிக்கொண்டது என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். மறு தை மாசம் ஒரு காதுகுத்து வீட்டில், மைக் செட் வைத்திருந்த தேவசகாயம் அன்று காலைதான் வாங்கிவந்த புது இசைத்தட்டை ஓடவிட்டார். அதே பாட்டு. அதே இடத்தில் மூச்சு வாங்கல். தெருவில் மூன்று வீட்டில் சோறு தீய்ந்தது.

“எங்கனா ரேடியோவுல கேட்டிருப்பா. பொம்பளைங்களுக்கு இன்னா, கேட்ட மாத்திரத்துல புடிச்சிக்கும்” என்றார் குமாரசாமி.

“நேத்துதான் கடைக்கு வந்த தட்டுண்ணே இது. அக்கா ஆடியிலேயே பாடிச்சி” என்றார் தேவசகாயம். தட்டின் மேல் பாட்டு எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர்களுக்கு அதற்கப்புறம்தான் தோன்றியிருக்கிறது.

இதில் யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் நீலாம்பாளுக்கு உரக்கக் கூப்பிட வரவில்லை. பேசினாள், வைதாள், சிரித்தாள். தெருக்கோடியில் போகிற கீரைக்கார பூவம்மாளை மட்டும் கூப்பிட முடியவில்லை. வாய் திறக்கும், காற்று வரும். தொண்டை கட்டியிருக்கிறது என்று சுக்கு தட்டிப் போட்டார்கள். தை மாசம் அந்தப் பாட்டு வந்தபிறகுதான் விவரம் தெரிந்தது. பாட்டின் நடுவில் கதாநாயகி ஒரு இடத்தில் நீலாம்பாளின் குரலில் ‘ஏய்’ என்று கூப்பிடுவாள். அந்த ‘ஏய்’ வரும்போதெல்லாம் பூவம்மாள் எந்த டீக்கடை வாசலாக இருந்தாலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாமா வோணும், அரக்கீரையா சிறுகீரையா?” என்று ரேடியோவைக் கேட்பாள். அறுபத்தைந்து ஆகஸ்ட் ஒன்பதில் இரண்டாவது பாட்டு வந்தது. அதோடு வைகிற குரல் போனது. குமாரசாமி அந்த வருஷம் உடம்பு தேறினார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அது ஊடல் பாட்டாக வெளிவந்தபோது அவரும் மாட்டிக்கொண்டார். எங்கே அதைக் கேட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அறுபத்தாறில் சிரிப்பு போனது. அதைத்தான் வீட்டில் தாங்க முடியவில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஏலவார்குழலிக்கு அப்போது பன்னிரண்டு வயது. டூரிங் கொட்டகையில் அம்மாவோடு மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு ஆட்டக்காரி பளபளவென்று வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நீலாம்பாளின் சிரிப்பைச் சிரித்தாள். குழலி எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு, திரை வரைக்கும் போய்க் கையால் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிற குரல் அவளிடம் அப்போது இருந்தது. அதுவும் அடுத்த வருஷம் ஒரு தத்துவப் பாட்டில் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து ஆனி மாசம் பிறந்தாலே அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. காலண்டரில் ஆகஸ்ட் தாளை முன்கூட்டியே கிழித்துப் பார்த்தார் குமாரசாமி. தேதி வராமல் இருக்கவில்லை. சென்னையில் ஒரு தொண்டை டாக்டரிடம் காட்டினார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை காலேஜ் பெண்ணுக்கு இருப்பது மாதிரி இருக்கிறது என்றார், அது உண்மைதான். ஒரு வருஷம் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு கொப்பளித்துக்கொண்டு வந்தது, மறு வருஷம் படகுப் பாட்டாக ஓடியது. அறுபத்தொன்பதில் வாலாஜாபாத்தில் நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப்போய், பக்கத்து ரைஸ் மில்லுக்குள் உட்கார வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் பாட்டு வழி தெரியாமல் போய்விடும் என்று குமாரசாமி கணக்குப் போட்டார். பாட்டு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. அந்த வருஷப் பாட்டில் தாளம் முழுக்க மில் பெல்ட்டின் தடதடப்பு. வாலிபப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இப்படியாகப் பேசுகிற குரலும் போய், எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி பிறந்தபோது நீலாம்பாளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்லுக்கான குரல். மகளைக் கூப்பிடுகிற குரல். மற்றதெல்லாம் கையாலும் கண்ணாலும் ஆயிற்று. குழலிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்கார வீட்டில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அதற்கு நடுவில் ஒன்பதாம் தேதி உட்கார்ந்திருந்தது.

“கல்யாணம் கெடக்குது நைனா. பொறந்த ஊட்டுக்கு வந்தா, வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்புட ஆளு வோணும். கையத் தட்டி கூப்புட்டா நான் இன்னா கோழியா?” என்று குழலி அப்பாவிடம் அழுதாள்.

தெருவுக்கு வேறு கவலை. இவள் பாடாவிட்டால் அடுத்த வருஷம் நாட்டில் நல்ல பாட்டே வராது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. தேவசகாயம் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். “அக்கா பாடலன்னா கல்யாண ஊட்ல நான் இன்னாத்தண்ணே போடுவேன்? பழைய தட்டெல்லாம் தேஞ்சிபோயி ஆடு கத்துற மாதிரி கத்துது.”

“ஆட்டையே புடிச்சி மைக்குல கட்டுடா” என்றார் குமாரசாமி.

அந்த வருஷம் ஒன்பதாம் தேதி ஆடி அமாவாசையாக வந்து விழுந்தது. அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் தறி ஓடாது. மற்ற வருஷங்களில் சுற்றிலும் தறிச் சத்தம் இருக்கும். அன்றைக்குத் தெரு காது அடைத்தது போலக் கிடந்தது. குமாரசாமி முந்தின நாள்தான் மகளின் முகூர்த்தப் புடவையை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்து எடுத்திருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். எந்தப் பாவையும் கடைசி வரைக்கும் நெய்வது கிடையாது. ஒரு சாண் பாவைத் தறியிலேயே விட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். அந்த வாலில் புதுப் பாவை இழை இழையாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தால்தான் தறி மறுபடி ஓடும். ஒட்ட நெய்து தீர்த்துவிட்டால் தறி மொட்டை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடா போடுவது நீலாம்பாள்தான். பாவு முடிகிற நேரத்தில் குமாரசாமி, “நீலா, ஒரு சாண் உடு” என்பார். அவள் கை நின்றுவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான்.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் பாட்டு வந்தது. குழலி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் உதட்டைக் கடித்தாள், பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். துணியைத் தாண்டிப் பல்லவி வெளியே வந்தது. இதுவரை வந்ததிலேயே நல்ல பாட்டு. வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் துணியவில்லை. முதல் சரணம் முடிந்தது. நீலாம்பாள் கண் மகளையே பார்த்துக்கொண்டிருக்க, வாய் தன் பாட்டுக்கு இரண்டாவது சரணத்தில் ஏறியது. குழலி, “அம்மா, ஒருக்கா கூப்புடும்மா, ஒரே ஒருக்கா” என்று கெஞ்சினாள். பாட்டுக்கு நடுவில் அதற்கு இடமில்லை. குமாரசாமிக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கம் தறி இருந்தது. தறியில் ஒரு சாண் பாவு வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு வருஷம். எட்டுப் பாட்டையும் கடைசி இழை வரைக்கும் ஓடவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. தறியில் குடிகாரன்கூடச் செய்யாத காரியம். சரணம் இறங்கிவிட்டது, பல்லவியின் கடைசி அடிக்கு அவள் மூச்சை இழுத்தாள்.

“நீலா! ஒரு சாண் உடு!”

நீலாம்பாளின் கை மகள் கைக்குள் சட்டென்று விறைத்து நின்றது. கையோடு பாட்டும் நின்றது. கடைசி அடி வாய்க்குள்ளேயே இருந்தது; கன்னம் இரண்டும் உப்பித் துடித்தன. குமாரசாமி தறிக்குப் பக்கத்திலிருந்த கொட்டாங்கச்சியில் விரலை விட்டுச் சாம்பலைத் தொட்டு, அவள் உதட்டின் ஓரத்தில் வைத்து, இழையை முறுக்குகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினார். துடிப்பு அடங்கியது.

“அம்மா” என்றாள் குழலி. கேட்கவே பயந்து கேட்டாள்.

“கொழலி” என்றாள் நீலாம்பாள்.

வாசலில் தேவசகாயம் அழுதார். பாட்டுக்காகவா மற்றதற்காகவா என்று அவரைக் கேட்க வேண்டும்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எழுபத்துமூன்றில் அந்தப் பாட்டு படத்தில் வந்து ஊரையே பைத்தியமாக அடித்தது. ஆனால் கடைசி அடி இல்லை. பல்லவி திரும்பி வந்து, ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கிற இடத்தில் நின்றுவிடும். டூரிங் கொட்டகையில் ரீலை வெட்டிவிட்டான் என்று விசிலடித்து நாற்காலியை உடைத்தார்கள். ஆபரேட்டர் பாவம், கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். ரேடியோவிலும் அந்தப் பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் ஒன்றும் வராது. மக்களுக்குப் பழகிவிட்டது. அந்த வருஷ ஆகஸ்ட் ஒன்பதில் நீலாம்பாள் வாயில் வைத்திருந்த பழைய அடியில் தொடங்கி, அதிலேயே புதுப் பாட்டைப் பிணைத்துப் பாடினாள். குமாரசாமி கொட்டாங்கச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்து, முடிகிற இடத்தில் குரல் கொடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் அவரை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை, எதிர்வீட்டில் நாயைக்கூடக் கட்டிப்போடுகிறார்கள்.

போன குரல் எதுவும் திரும்பவில்லை. இருப்பது ஒரு சாண்தான். அதை வைத்துக்கொண்டு வைய முடியாது, சிரிக்க முடியாது, கீரை வாங்க முடியாது. மத்தியானம் சமையல் ஆனதும் வாசலுக்கு வந்து, “கொழலி” என்று கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுக்குக்கூடச் சரியாகக் கேட்காத அளவில். ஊரின் அந்தக் கோடியில், சின்ன காஞ்சிபுரத்தில், குழலி அடுப்பிலிருந்து தவலையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாம்மா” என்பாள். மாமியார் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் இருக்கிற நெரிசலில் தினமும் போய்வந்துகொண்டிருக்க முடியுமா?