கடைசி சீட்டில் ஒரு பாப்பா

மனிதகுல வரலாற்றிலேயே டி.வி. பெட்டிக்கு ஒரு வார்த்தைகூடப் பதில் பேசாத ஒரே ஆள் தான்தான் என்று லிஃப்ட் மெக்கானிக் தன் ஒர்க்‌ஷாப்பில் அறிவித்த அதே வாரம், அவருடைய மகளின் பிம்பம் அணைத்த திரைக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

வீட்டில் மாலைதோறும் ஓடியது ஒரு பழைய தொடர். மெக்கானிக்கின் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு தண்ணி மறந்து பார்த்தது. எங்கெங்கோ தேடிப் பிடித்துப் பென்டிரைவில் ஏற்றி, இப்போது நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு கண்டக்டர், ஒரு பச்சை பஸ், தினம் ஒரு தெரு, அவ்வளவுதான் கதை. முடியும்போது கண்டக்டர் படியில் நின்று திரைக்கு வெளியே எட்டிப் பார்த்து, "எல்லாரும் இறங்கியாச்சா?" என்பார். தாயும் மகளும் "இறங்கியாச்சு!" என்று கத்துவார்கள். அவர் விசில் ஊதுவார், பஸ் போய்விடும். "மருந்துக் கடையில அத்தனை பேருக்கும் தப்பில்லாம மாத்திரை எடுத்துக் குடுக்கறவ, வீட்ல வந்து பொட்டிக்குப் பதில் சொல்றா பாரு" என்று மெக்கானிக் சோபாவில் கிடந்தபடி கிண்டலடிப்பார்.

ஒருநாள் மனைவி வேலையிலிருந்து வரத் தாமதமானது. மகள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும், கண்ணு கெட்டுடும்" என்று மெக்கானிக், கண்டக்டர் படிக்கு வரும் முன்பே ரிமோட்டை அமுக்கினார். மகள் எழுந்து சாப்பிடப் போனாள். கறுத்த திரையில் தெரிந்த மகள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு குளியலறைக் கண்ணாடி முன் அவளுக்குத் தலை வாரினால், அதில் தாயின் கையும் சீப்பும் மட்டும் காற்றில் அசைந்தன. பட்டப்பகலில் போர்வை கேட்டாள். "குளிருதும்மா, பஸ்ல ஜன்னலே சாத்த மாட்டேங்கறாங்க." இது டி.வி.யின் கோளாறு என்று முடிவுகட்டி மெக்கானிக் புது டி.வி. வாங்கினார். அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது, பிளக்கைச் சொருகும் முன்பே, அதிலும் மகள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தொடரைப் போட்டால் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். தாய் பதில் சொன்னாள், மகள் சொன்னாள், அவர் ஊதவில்லை. மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சது நீங்க. நீங்கதாங்க சொல்லணும்" என்றாள் மனைவி.

"நானா? வெளியில தெரிஞ்சா சிரிப்பா சிரிச்சுடுவானுங்க."

"லிஃப்ட்டுக்குள்ள ஆள் இருக்கான்னு குரல் குடுக்காம என்னைக்காவது மெயினை ஆஃப் பண்ணியிருக்கீங்களா?"

பண்ணியதில்லை. தொழிலில் அவர் மீறாத விதி அது ஒன்றுதான். ஆளில்லாத கட்டடத்திலும் "உள்ள யாருப்பா?" என்று கத்திவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார். ஆனாலும் டி.வி. முன் வாய் வரவில்லை.

மறுநாள் மகளுடன் குடியிருப்பின் லிஃப்ட்டில் ஏறினார். குடை நுனி குறுக்கே வந்தாலே திறந்துகொள்ளும் கதவு, வாசலின் நடுவில் நின்ற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் மூடிக்கொண்டு வந்தது. கையைக் கொடுத்துத் தடுத்தார். அவர் கையைப் பார்த்ததும் கதவு மரியாதையாகத் திறந்தது. அந்த சென்சாரை அண்மையில் மாற்றியவர் அவரேதான். அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று மாலை வாசல் கதவைத் தாழிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, தொடரைப் போட்டுத் திரை முன் குந்தி, திருடனைப் போல "இறங்கியாச்சு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க சார்" என்றார் கண்டக்டர், கோபமே இல்லாமல். "கடைசி சீட்ல ஒரு பாப்பா தூங்குது. வந்து தூக்கிக்குங்க."

மெக்கானிக் பஸ்ஸுக்குள் கையை நீட்டினார். உள்ளே நல்ல குளிர். தோளில் ஒரு கனம் ஏறியது, பிறகு இறங்கியது. சட்டையில் டீசல் வாசனை மட்டும் மிஞ்சியது. பக்கத்து அறையில் மகள் தும்மினாள். கண்ணாடி முன் போய் நின்று, நாக்கை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப இறங்கியாச்சுங்க" என்றார் மெக்கானிக். விசில் கேட்டது.

மகள் இப்போது வேறு ஊரில் பல் டாக்டர். டி.வி.க்குப் பதில் பேசாத ஒரே ஆள் என்ற பட்டத்தை மெக்கானிக் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் செய்தி மட்டும்தான் பார்க்கிறார். செய்தி முடிந்ததும், மனைவி அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, திரைப் பக்கம் குனிந்து "எல்லாரும் இறங்கியாச்சு" என்று முணுமுணுக்கிறார். செய்தி வாசிக்கும் பெண் தலையசைக்கிறாள். அப்புறம்தான் ரிமோட்டை எடுக்கிறார்.