மாமியார் ஒளிந்த கரை

கல்யாண வண்டி ஊருக்குள் நுழையவே முடியவில்லை. நடுரோட்டில் வேறு யாரோ கல்யாணப் பந்தல் போட்டு, மேசை நாற்காலி பரப்பி, அமர்க்களமாக விருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். நாம் ரோட்டில் பந்தல் போட்டால் உரிமை, அடுத்தவன் போட்டால் அக்கிரமம்; நாம் டின் மாகாணத்து நியாயம் அப்படி.

மாப்பிள்ளையின் பெரியப்பா கீன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "நல்ல நேரம் போறதுக்குள்ள பொண்ணு வாசப்படி மிதிச்சாகணும். ஆத்தங்கரை மேல ஏறி குவோக் போதான், வேற வழியில்ல."

நெடுந்தூரம் நடப்பதை அங்கே விளையாட்டாக 'குவோக் போ' என்பார்கள், ஏதோ ரோட்டைக் காலால் கொத்திக்கொண்டு போவது மாதிரி. மணப்பெண் லுவா தன் குதிகால் செருப்பைப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் பெரியப்பா?"

"இந்தா, ஒரு சிகரெட் குடிக்கற நேரம்."

அவருடைய சிகரெட் பாக்கெட்டே காலியாகிவிட்டது, ஊர் வந்தபாடில்லை. மாப்பிள்ளை துவான் வேர்த்து விறுவிறுத்து, "உன்னைத் தூக்கிக்கவா?" என்றான்.

"நீ முதல்ல உன்னைத் தூக்கிக்கிட்டு வா."

கூட வந்த தோழர்கள் சிரித்தார்கள். லுவா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். காலைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மாமியாரை நினைத்துத்தான் பயம். புதுப்பெண் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்வரை மாமியார் அவள் கண்ணில் படக்கூடாது. பட்டால் ஆயுசுக்கும் சண்டைதான். அதனால் மாமியார், வீட்டு அதிகாரத்துக்கு அடையாளமான வெற்றிலைச் சுண்ணாம்புக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய் ஒளிந்துகொள்வார். லுவாவின் அக்கா கல்யாணத்தன்று வாசலிலேயே தன் மாமியாரை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். இரண்டு பேருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

கரை வளைவில் வாழைப்புதரைத் தாண்டியதும் லுவா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒளிந்தால் போதாது, கார் வராத இடமாக இருக்கட்டும் என்று நினைத்து, மாமியார் வந்து உட்கார்ந்திருந்தது அங்கேதான். மடியில் கலயம்.

லுவாவுக்கு அழுகை முட்டியது. மாமியார் சட்டென்று ஓலைத்தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, வயலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"காலு ஏன் இப்படிக் கெடக்கு?" என்றது தொப்பி.

"வண்டி வரலை. நடந்தே வந்தோம்."

மாமியார் திரும்பாமலே தன் ரப்பர் செருப்பைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டார். "போட்டுக்க. நான் உன் மூஞ்சியப் பாக்கல, காலைத்தான் பாத்தேன். காலுக்குச் சாஸ்திரமெல்லாம் கெடையாது."

"அப்ப நீங்க?"

"வெறுங்காலோட வயல்லயே வளந்தவ நான். நேரமாச்சு, போ. சோறு ஆறிடும்."

செருப்பு ஒரு சுற்றுப் பெரிது, உள்ளே இன்னும் சூடு இருந்தது. இந்த அம்மாவோடு ஒரே அடுப்படியில் இருந்துவிடலாம் என்று லுவாவுக்குத் தோன்றியது. மனம் லேசாகிவிட்டது.

மூச்சிரைக்க ஓடி வந்த துவான் அவள் காலைப் பார்த்தான், வரப்பில் வேகமாகப் போகும் ஓலைத்தொப்பியைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "ஐயையோ, அம்மாவைப் பாத்துட்டியா?"

"எந்த அம்மா?" என்றாள் லுவா. "இங்க யாருமே இல்லையே. நட."