பாத்துக்கலாம்னு சொன்ன கமிஷன்

எல்லாரும் சௌக்கியமா? முழங்காலும் முதுகும் சொன்ன பேச்சு கேக்குதா?

இந்தக் கதை பொறந்த விதத்தை ஒளிக்காம சொல்லிடறேன். என் மருமக டைல்ஸ் கடையில வேலை பாக்குறா. வீடு கட்டணும்னு வர்றவங்களை ஒரு காண்ட்ராக்டர்கிட்ட அனுப்புவா. நூத்துக்கு ரெண்டு கமிஷன்னு அவர் வாயால சொன்னதுதான், எழுத்து கிடையாது. டாக்டரம்மா ஒருத்தங்களை அனுப்பி, அவங்க வீடு முடிஞ்சு குடியும் வந்தாச்சு. கமிஷன் வரல. அதை நம்பி இவ சொந்தக் கடைக்கு இடம் பேசிட்டா. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டலைன்னா இடம் வேற ஆளுக்கு.

1

"மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கண்களிலும்..." [வேண்டாம். அன்னைக்கு நல்ல வெயில். அவ அழவும் இல்ல, திட்டினா.]

2

திரும்ப ஆரம்பிக்கிறேன். மருமக கமிஷன் கேட்டு அவர் ஆபீஸுக்கே போனா. காண்ட்ராக்டர் சுழல் நாற்காலியில சுத்திக்கிட்டே கேட்டாராம்: "கமிஷனா? எழுத்துல இருக்காம்மா?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்வேன். சொன்னதெல்லாம் கணக்கா?"

(இவரை வில்லனாக்கி முறுக்கு மீசை வைக்கப் பாத்தேன், ஒட்டல. ஆளு சாது. ஜூஸ் வேற வாங்கிக் குடுத்தாராம். காசு குடுக்காதவங்க உபசாரத்துல குறை வைக்கமாட்டாங்க.)

3

இங்கதான் கதை என் கையை விட்டு ஓடிடுச்சு. நேத்து அவரே டைல்ஸ் கடைக்கு வந்து நின்னாரு. டாக்டரம்மா மொட்டைமாடிக்குத் தனியா படிக்கட்டு கேட்டாங்களாம், கட்டிக் குடுத்தாராம். இப்ப அவங்க, "அதுக்குத் தனிக் காசா? எழுத்துல இருக்கா?"ங்கறாங்களாம்.

"தனிக் காசுக்கு அவங்க சரின்னப்ப நீ பக்கத்துலதானே இருந்த. வந்து ஒரு வார்த்தை சொல்லும்மா."

"வார்த்தையா? அது உங்க ஆபீஸ்ல செல்லுமாண்ணே?"

"மனசுல வெச்சுக்காத தங்கச்சி. உன் கமிஷனைப் பாத்துக்கலாம்."

"எப்ப?"

"அவங்க குடுத்ததும்."

4

முடிவு ஒண்ணு: இவ சாட்சி சொல்றா, அவருக்குக் காசு வருது, அவர் போன் செத்துப்போகுது. முடிவு ரெண்டு: "எனக்கு எதுவும் கேக்கலையே"ன்னுடறா. படிக்க ருசிதான், ஆனா அவ காதால கேட்டது நிஜமாச்சே. முடிவு மூணு: அவர் மனம் திருந்தி... [அடிச்சுட்டேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.]

அவகிட்டயே கேட்டேன், "என்னதான் பண்ணப்போற?"

"அவர்கிட்ட சொல்லிட்டேன் அத்தை. முதல்ல பழைய பாக்கி, அப்புறம் சாட்சி. பாக்கி வராத வரைக்கும் எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இது நியாயமான்னு என்னைக் கேக்காதீங்க. இப்ப அவர் எங்க வாசல்ல கார்லயே உக்காந்து யோசிக்கிறாரு. அவர் இறங்காம எனக்கும் முடிவு கிடையாது.

அதுவரைக்கும் நீங்க சொல்லுங்க. வாயால பேசின காசை எப்படி வாங்கினீங்க? வாங்காதவங்களும் எழுதுங்க, அதுதான் நிறைய வரும்.