கயிற்றுக்கு வெளியே

கலீலுர் றஹ்மான் களப்பு மணலில் கயிறு கட்டிய அன்றுதான் பல்கீஸின் கால்கள் முதன்முதலாகத் தரைக்குள் இறங்கின. கணுக்கால் வரைக்கும். வலியில்லை, இரத்தமில்லை.

அந்த மணல்திட்டு யாருடையதும் அல்ல. புயல் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் குறிஞ்சாக்கேணியில், கடல்நீர் தேங்கிய களப்பின் கரையோடு ஒட்டி எழும்பிக் கிடந்தது. ஊரார் அதில் மீன் காயவைத்தார்கள், கிழிந்த வலை பொத்தினார்கள், ஆடு கட்டினார்கள். புருஷனைக் கடலில் பறிகொடுத்த பல்கீஸ் அதன் ஓரத்தில் மட்டிச் சிப்பி கிண்டி விற்று மகள் நஸ்ரினை வளர்த்தாள். கலீலுர் றஹ்மானும் அவர்களைப் போல ஒருவர்தான். அன்றைக்குக் கம்புகள் நட்டு, நைலோன் கயிறு சுற்றி, "இது எண்ட" என்றார். பல்கீஸுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன நானா, விளையாட்டா?"

"இல்ல பல்கீஸ். சுத்திப் போங்க."

சொன்னவருடைய குரலே கொஞ்சம் நடுங்கியது. ஒரு எட்டு வைத்தால் கயிற்றைத் தாண்டியிருக்கலாம். விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை எதற்கென்று அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நஸ்ரினைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள். போகும்போதே தரை இருவரையும் உள்ளே வாங்கியது. பின்னால் வந்தவர்களும் அவளைப் பார்த்துச் சுற்றிப் போனார்கள். அவர்களுடைய கால்களும் இறங்கின. விஷயம் விளங்கிய சிலர் பொழுது சாய்வதற்குள் மிச்ச மணலில் தாங்களும் கம்பு நட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்கீஸ் அந்நேரம் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிப் போனவர்களுக்குப் பிறகு எங்கே நடந்தாலும் அப்படித்தான். உப்புவெளித் தார் ரோட்டிலும் அவர்களுடைய கால் சேற்றில் போவதுபோல் போனது. டொக்டர்மார் எலும்பில் பழுதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வருடத்துக்கு வருடம் இறங்கி முழங்காலுக்கு வந்தது. மேலே நடந்தவர்கள் முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு காரணம் கண்டுபிடித்தார்கள்: அந்தக் குடும்பங்களுக்கு எப்போதுமே பாரமான எலும்பு, ஒழுங்காக நடக்கவும் தெரியாது. கொஞ்சக் காலத்தில் தாழ்ந்து நடந்தவர்களே அதைச் சொல்லத் தொடங்கினார்கள். கலீலுர் றஹ்மான் அவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி மீன் வெட்டும் வேலை கொடுத்தார்.

நஸ்ரின் குமரியான பிறகு ஒரு பட்டப்பகலில் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். அவளுடைய கால்கள் மெல்ல மேலே வந்தன. வெயில் படாமல் வெளுத்த பாதங்கள் மணல்மேல் நின்றன. அவள் ஒரு கம்பைப் பிடித்து அசைத்தாள்.

முதலில் கத்தியவன் மீன் வெட்டிக்கொண்டிருந்த பஹ்மி. "கம்ப விடு புள்ள! இது போனா எங்களுக்கு ஆர் வேலை தாற?" அவனோடு நின்றவர்களும் வெட்டுக்கத்தியோடு நெருங்கினார்கள். கலீலுர் றஹ்மான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"உம்மா, நீங்களும் வாங்க. ஒரு எட்டுத்தான்."

கயிற்றுக்கு வெளியே நின்ற பல்கீஸ் மகளின் பாதங்களைப் பார்த்தாள். கால் பெருவிரல், கடலோடு போன அவளுடைய வாப்பாவுடையதைப் போலவே வளைந்திருந்தது. கத்திகளையும் பார்த்தாள்.

"வெளிய வா மகள். ஆக்கள் பாக்காங்க."

நஸ்ரின் கம்பை விட்டாள். பிறகு வெளியே வந்தாள். இந்தமுறை தொடை வரைக்கும் இறங்கினாள்.

இப்போது பஸ்களில் அவர்களுக்கென்று தாழ்வான படி உண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காரத் தனி வாங்கு உண்டு. நஸ்ரின் தன்னளவு தாழ்ந்த அகீலைக் கலியாணம் முடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். பாயோடு சேர்த்துச் சீமெந்துத் தரை பிள்ளையை ஒரு விரற்கடை உள்ளே வாங்கியது. நஸ்ரின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்கீஸ் குனிந்து பேரனை நன்றாகப் பார்த்தாள்.

"எங்கட புள்ளதான்" என்றாள், மனம் நிறைந்து.